எந்தப் பழக்கத்தை முதலில் பிடிப்பது?

ஒருவர் கேட்கும் கேள்வி இதுதான்: வயது நாற்பதை நெருங்குகிறது, நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. வெறும் வயிற்றில் வெந்நீர், எட்டு டம்ளர் தண்ணீர், பத்தாயிரம் அடி நடை, சர்க்கரைக்கு முழுக்கு, ஐந்து மணி விழிப்பு, தியானம் என்று இருபது விஷயங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி ஆரம்பிக்கிறார். இரண்டாவது வாரமே எல்லாம் படுத்துவிடுகிறது. உண்மையில் தினமும் விடாமல் செய்ய வேண்டியவை எவை, மற்றதை விட்டால் குடி முழுகிவிடுமா என்று கேட்கிறார்.

முழுகாது. அந்தத் தாளில் இருப்பதில் பாதிக்கு மேல் செய்தாலும் ஒன்றுதான், செய்யாவிட்டாலும் ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால், வெந்நீரும் தூக்கமும் அங்கே ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. இரண்டும் ஒரே எடை இல்லை. சின்னதைச் செய்வது சுலபம் என்பதால் அதைச் செய்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறோம். பெரியது அப்படியே கிடக்கிறது. ஆகவே எடை வாரியாகப் பார்த்துவிடுவோம்.

இந்த எடையை யாரோ உட்கார்ந்து யோசித்துச் சொல்லவில்லை. 1965-இல் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் லெஸ்டர் பிரெஸ்லோ என்ற பொதுச் சுகாதார மருத்துவர் ஏறத்தாழ 7,000 பேரின் அன்றாடப் பழக்கங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். ஏழு பழக்கங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன: ஏழெட்டு மணி நேரத் தூக்கம், புகைக்காமை, அளவுக்கு மீறிக் குடிக்காமை, உடற்பயிற்சி, அளவான எடை, காலை உணவு, இடையில் கொறிக்காமை. இதில் ஆறோ ஏழுமோ இருந்த 45 வயது ஆண்கள், மூன்றோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களைவிட ஏறத்தாழ 11 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். பிற்பாடு அதே ஆட்களின் தகவலை இன்னும் கறாராக அலசியபோது காலை உணவும் கொறிப்பதும் தனியாக நிற்கவில்லை, மற்ற ஐந்தும் நின்றன. அந்த ஐந்தைப் பாருங்கள், ஒன்றுகூடப் புதிதில்லை. விற்பதற்கு அதில் எதுவும் இல்லாததால்தான் அவற்றைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிரெஸ்லோ 97 வயது வரை இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் புகைப்பவரா என்பது கேள்வியில் இல்லை. புகைப்பவராக இருந்தால் இந்தப் பதிலில் மீதி எதையும் இப்போதைக்குப் படிக்க வேண்டியதில்லை, அதை விடுவது ஒன்றுதான் வேலை. பிரிட்டிஷ் மருத்துவர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வில், விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று. நடையும் காய்கறியும் புகையை ஈடுகட்டாது. தனியாக விட முடியவில்லை என்றால் நிகோட்டின் பட்டை, சூயிங்கம், மாத்திரை எல்லாம் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மதுவைப் பொறுத்தவரை, தினமும் கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு இப்போது எடுபடுவதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார அமைப்பு 2023-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

அடுத்தது தூக்கம். என் கணக்கில், உங்களைப் போன்றவர்களின் மற்ற எல்லாப் பழக்கமும் கவிழ்வது இங்கேதான். ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்த ஆள் மறுநாள் நடக்கப் போவதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அன்று ஏறிக்கிடக்கும், கை தானாக இனிப்பையும் பொரித்ததையும் தேடும். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அந்த நிலையில் மன உறுதியைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. ஐந்து மணிக்கு எழுவதில் தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால், தூக்கத்தைத் திருடி உடற்பயிற்சிக்குக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். அதை எப்படிக் கொண்டுவருவது? படுக்கிற நேரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள், தூக்கம் சொல்லி வராது. எழுகிற நேரத்தை நிலையாக வையுங்கள், விடுமுறை நாளிலும்கூட. எழுந்ததும் வெளிச்சத்தில் பத்து நிமிடமாவது நில்லுங்கள். கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் மூளையின் உள்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. இரவில் மெலடோனின் எத்தனை மணிக்குச் சுரக்கத் தொடங்க வேண்டும் என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

அப்புறம் காபி. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். மாலை ஐந்துக்குக் குடித்ததில் பாதி இரவு பத்துக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருள் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் உட்கார்ந்துகொள்கிறது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்திருந்தது. "நான் காபி குடித்தாலும் படுத்தால் தூங்கிவிடுவேன்" என்று சொல்பவர்கள் நிறைய. தூங்கிவிடுவார்கள், சரி. அந்தத் தூக்கத்தின் ஆழம் என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மதியத்தோடு நிறுத்திப் பத்து நாள் பாருங்கள்.

ஃபோனைப் பற்றி எல்லாரும் சொல்வது அதன் நீல வெளிச்சத்தை. எனக்கு வெளிச்சத்தைவிட அதில் ஓடுவதுதான் பெரிய தொல்லையாகத் தெரிகிறது. தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜர் இருந்தால் பதினொரு மணிக்கு "ஒரே ஒரு தடவை" என்று கை போகும், பன்னிரண்டரை ஆகும். சார்ஜரை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டு, அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக்கொள்வது இந்தப் பதிலிலேயே மலிவான மருந்து. ஆனால் ஒன்று: சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதாக வீட்டில் சொன்னாலோ, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் செருகினாலோ, அது பழக்கத்தில் தீரும் விஷயம் இல்லை. தூக்க மூச்சுத்திணறலுக்குச் சோதனை உண்டு, சிகிச்சை உண்டு.

இனி உடலசைவு. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே ஷிஃப்ட்டில், ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், மற்றவர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. ஜிம், காலணி, ஆப் எதுவும் இல்லை, வேலையே அப்படி. உங்கள் வேலை ஓட்டுநர் பக்கம் இருக்கிறது. அதனால் நடத்துநரின் பங்கை நீங்களாக எங்காவது நுழைக்க வேண்டும்.

எவ்வளவு? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில், அல்லது அதில் பாதி நேரம் கடுமையாக. இது உலகச் சுகாதார அமைப்பு 2020-இல் சொன்ன அளவு. மிதமான வேகம் என்றால் நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. பத்தாயிரம் அடி என்ற எண் ஆராய்ச்சியிலிருந்து வந்ததே இல்லை. 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள்படுவது, அந்த விளம்பரம்தான் ஊரெல்லாம் பரவியது. 2019-இல் வயதான பெண்களைக் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் சமதளமாகிவிட்டது. நீங்கள் அவர்களைவிட இளையவர், கொஞ்சம் கூடுதலாகவே நடக்கலாம். ஆனால் 6,000 அடியில் நின்றுபோன நாளைத் தோற்றுப்போன நாளாகக் கணக்கெழுத வேண்டாம்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களுக்கு 150 நிமிடம் போதுமா என்பது நியாயமான சந்தேகம். பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வந்த ஆய்வுப்படி, அவ்வளவு உட்காருவதால் கூடும் ஆபத்தைத் துடைக்க நாளுக்கு 60 முதல் 75 நிமிட அசைவு தேவைப்பட்டது. கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சொல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் சர்க்கரை உச்சத்துக்கு ஏறுகிற சமயத்தில் கால் தசைகள் வேலை செய்தால் அந்த உச்சம் தாழ்ந்துவிடும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு இது நல்ல பலன் தரும், காசும் செலவில்லை. மற்ற நடையை ஃபோன் அழைப்புகளில் நுழைத்துவிடலாம்.

நடையோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. தசைக்கு வேலை என்பது தனி. முப்பது வயதுக்கு மேல், ஒன்றும் செய்யாவிட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. முதுமையில் ஒருவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாரா என்பது பெரும்பாலும் தொடைத் தசையைப் பொறுத்தது. ஒரு சோதனை: கையில்லாத சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். மூன்றாவதிலேயே கை தானாகப் பிரிந்து முட்டியை ஊன்றப் பார்க்கிறதா? உடம்பை முன்னால் வீசித்தான் எழ முடிகிறதா? அப்படியானால் அதுவே உங்கள் பயிற்சி. தினமும் இரண்டு மூன்று தடவை, பத்துப் பத்தாக. கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அது சுலபமானால் மேசை விளிம்பில், பிறகு தரையில். வாரத்தில் இரண்டு நாள் பெரிய தசைகளுக்கெல்லாம் இப்படி வேலை கொடுத்தால் போதும். எடை தூக்கினால் முட்டி தேய்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். படிப்படியாக வலுவாகும் தொடைத் தசை முட்டிக்கு உதவிதான் செய்கிறது.

சாப்பாட்டில் ஆளுக்கொரு மதம். அதற்குள் போகவில்லை. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட சோதனை ஒன்றை மட்டும் சொல்கிறேன். இருபது பேரை நான்கு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். விருப்பம்போல் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமல் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறினார்கள். சமைத்த உணவில் அதே அளவு இறங்கினார்கள். அதாவது, வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் வீட்டில் என்ன பாக்கெட் இருக்கிறது என்று பாருங்கள். கடையில் வாங்காமல் விடுவது இரவு ஒன்பது மணிக்கு அலமாரியை எதிர்த்து நிற்பதைவிடச் சுலபம்.

மற்றபடி என் கண்ணில் மூன்று விஷயங்கள். காய்கறி, பழம் சேர்த்து நாளுக்கு 400 கிராம். பலரும் இதில் பாதியைத்தான் தொடுகிறார்கள், அதை உணர்வதுமில்லை. ஒரே ஒரு நாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், 400 என்பது தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அப்போதுதான் புரியும். இரண்டாவது, குடிக்கிற சர்க்கரை. 330 மில்லி கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது பரிந்துரை. மென்று தின்றதைப் பதிவுசெய்வதுபோல் வயிறு குடித்ததைப் பதிவுசெய்வதில்லை, அதனால் இந்தச் சர்க்கரை சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லாமல் சாப்பாட்டின் மேல் போய்ச் சேர்கிறது. பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும், பழம் வராது.

மூன்றாவது உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சமையலில் போடுவது, ரொட்டி, சாஸ், பாக்கெட் தின்பண்டம் எல்லாம் சேர்த்து. ஒரேயடியாகக் குறைத்தால் சாப்பாடு மண்போல் இருக்கும், வீட்டில் சண்டை வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் நாக்கு ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும், பிறகு பழைய அளவு கரிக்கும். சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பை சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

எடையைத் தினமும் பார்த்து மனம் நொந்துகொள்வதைவிட மாதம் ஒருமுறை இடுப்பை அளப்பது மேல். பேண்ட் போடும் இடம் இல்லை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை மெதுவாக விட்டபின். உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 170 செ.மீ. உயரமானவருக்கு 85-க்குள். வயிற்றை எக்குவது எண்ணில் தெரியும், ரத்தத்தில் தெரியாது.

தண்ணீர்: தாகம் எடுத்தால் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. 1945-இல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியது, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியிலேயே எழுதியது. முதல் வரி மட்டும் ஊர் சுற்றுகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிகம் குடிக்க வேண்டும், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அளந்து குடிக்க வேண்டும், மற்றவர்களுக்கு டம்ளர் கணக்கு தேவையில்லை. வெறும் வயிற்று வெந்நீர் பிடித்திருந்தால் குடியுங்கள், கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் அது இல்லாமலேயே பார்த்துக்கொள்ளும். குறைபாடு இருப்பதாகச் சோதனையில் தெரியாதவரை விட்டமின் மாத்திரையும் இந்த வகைதான். நல்லதென்று கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையால் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடிய கதை 1990-களில் நடந்தது. பல் துலக்குவது காலை, இரவு இரண்டு நிமிடம், ஃப்ளோரைடு பசையில். இரவுத் துலக்கலை விட்டுவிடாதீர்கள், தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அப்போது கொண்டாட்டம். துப்பியபின் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும்.

உங்கள் தாளில் இல்லாத பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, ரத்த அழுத்தம். உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தலை வலிக்காது, மயக்கம் வராது, ஒன்றுமே தெரியாது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பக்கவாதமாகவோ சிறுநீரகப் பழுதாகவோ தெரியும். நாற்பதை ஒட்டிய வயதில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். அதோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு அளவு. எழுபது சோதனை கொண்ட பேக்கேஜ் அவசியமில்லை.

பிபியை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள், கிளினிக்குகளும் சேர்த்து. படி ஏறி வந்த கையோடு உட்காரவைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அமுக்குவார்கள். பேசுவது மட்டுமே பத்துப் புள்ளி வரை ஏற்றிவிடும். நிரம்பிய சிறுநீர்ப்பையும் ஏற்றும், கால்மேல் கால் போடுவதும் ஏற்றும், கை மடியில் தொங்கினாலும் ஏறும். வீட்டில் பார்ப்பதானால், மணிக்கட்டில் கட்டும் மெஷினை விட்டு மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள், பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபி, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரு பாதமும் தரையில் பதிய, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஃபோனை எடுக்காமல். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை. கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து ஒரு முறை, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. காலையிலும் மாலையிலும் இப்படி ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போக வேண்டும். தனியாக ஒரே ஒரு நாள் 150 காட்டியது என்று பதறவும் வேண்டாம், 120 காட்டியது என்று நிம்மதியடையவும் வேண்டாம்.

பழக்கம் என்று யாரும் எழுதிவைக்காத இன்னொன்று, மனிதர்கள். 148 ஆய்வுகளில் இருந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தகவலை 2010-இல் தொகுத்துப் பார்த்தபோது, உறவு வலுவாக இருந்தவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தில் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. வாரத்தில் ஒரு நாள் நடையை யாராவது நண்பரோடு வைத்துக்கொண்டால் இரண்டு காரியமும் நடக்கும். அவர் வாசலில் காத்திருக்கிறார் என்றால் போர்வைக்குள் கிடக்க முடியாது.

சரி, இரண்டு வாரத்தில் எல்லாம் ஏன் படுத்துவிடுகிறது? இருபத்தொரு நாளில் பழக்கம் ஆகிவிடும் என்று நம்பி இருபதையும் ஒன்றாக ஆரம்பித்ததால். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கத்தோடு பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி ஒட்ட அதிக நாள் பிடித்தது. அதில் எனக்குப் பிடித்த முடிவு வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை. ஒரு நாள் தவறியதும் "எல்லாம் போச்சு" என்று தாளைக் கிழிக்கிறோமே, அந்தக் கிழிப்பில்தான் போகிறது.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் புதுப் பழக்கத்தை ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டினார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். "தினமும் நடப்பேன்" என்பதற்குப் பதில், "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவேன்". தட்டு கழுவுவது எப்படியும் நடக்கும். அப்புறம் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு மோசமான நாள் அளவு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், விருந்தாளி, வேலை நெருக்கடி எது வந்தாலும் செய்துவிடக்கூடிய அளவு: நடை என்றால் வாசல்வரை போய்த் திரும்புவது, தசைப் பயிற்சி என்றால் நாற்காலியிலிருந்து ஐந்து எழுச்சி. அன்று அதனால் உடம்புக்கு லாபம் எதுவும் இல்லைதான், நூல் அறாமல் இருக்கும்.

உங்களுக்கென்றால் நான் இந்த வரிசையில் வைப்பேன். இந்த வாரமே பிபியும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், அது பழக்கம் இல்லை, ஒரு நாள் வேலை. அப்புறம் எழும் நேரத்தை நிலைப்படுத்துவது, சார்ஜரை அடுத்த அறைக்கு அனுப்புவது. அது பெரிதாக யோசிக்காமல் நடக்கத் தொடங்கியபின் சாப்பாட்டுக்குப் பின் நடை. அது ஒட்டியபின் நாற்காலி. சாப்பாட்டில் முதலில் குடிக்கிற சர்க்கரையை மட்டும். இதற்கே ஆறேழு மாதம் ஆகலாம், ஆகட்டும். தியானம் பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஏற்கெனவே பிபிக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் ஒரு எச்சரிக்கை. நடையும் தூக்கமும் சீராகிச் சில மாதத்தில் எண்கள் இறங்கும்போது, "இனி எதற்கு மாத்திரை" என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். எண் இறங்கியதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் பழையதைவிட மேலே துள்ளும். இன்னொரு பக்கம், அளவைக் குறைக்காமலே விட்டால் சர்க்கரை மாத்திரையில் சில வகைகள் உங்களை நடுவழியில் வியர்த்துக் கொட்டவைத்துத் தள்ளாட விடும். நடக்க ஆரம்பிக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஒரு வார அளவுகளை எழுதிய தாளைக் கையில் கொண்டுபோங்கள். அதைப் பார்த்து அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவுசெய்வார்.